சேரும் முன்பே சிலபஸைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 22 ஆண்டுகளாக ஆர்டர் பிடிக்கும் வேலை பார்க்கிறேன். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு முடித்திருக்கிறாள். வியாபாரத்தில் எழுதவும் பேசவும் கற்றுத்தரும் பட்டப்படிப்புதான் வேண்டும் என்கிறாள். அந்த ஆசைக்கு நானும் ஒரு காரணம். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் வெளியூர் வியாபாரிகளுக்கு நான் அனுப்பும் மெயில்களை அவள்தான் திருத்துவாள். போன சீசனில், முன்பணம் வந்தால்தான் அச்சடிப்போம் என்று நான் எழுதியதைப் படித்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அதே விஷயத்தை மகள் நான்கு வரியில் வேறுவிதமாக எழுதி அனுப்பினாள். மறுநாளே அவர் போனில் பேசி, பணமும் அனுப்பினார்.

சரி, நல்ல கல்லூரியாகப் பார்ப்போம் என்று மூன்று இடங்களுக்குப் போனோம். முதல் கல்லூரியில் படிப்பின் பெயரிலேயே 'கம்யூனிகேஷன்' இருந்தது. சிலபஸ் கேட்டேன். "அட்மிஷன் போட்ட பிறகு தருவோம் சார்" என்றார்கள். பேருந்து வழித்தடப் பட்டியலை மட்டும் கேட்காமலே கொடுத்தார்கள். இரண்டாவது கல்லூரியில் நாக் கிரேடைச் சொன்னார்கள். அது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு கல்லூரி முழுமைக்கும் தரும் கிரேடு. இந்தத் துறையில் எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதை அதை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே படிக்கும் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் விசாரித்தோம். பிசினஸ் கம்யூனிகேஷன் என்று ஒரே ஒரு பேப்பராம், அதிலும் புகார்க் கடிதம், விசாரணைக் கடிதம் எல்லாவற்றையும் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதுவார்களாம். கடிதத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை, கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு என்ன எழுதும்?

மூன்றாவது கல்லூரியில்தான் மனசு நிறைந்தது. கட்டடம் பழையது, ஏசி கிடையாது. துறைத்தலைவர் அம்மா எங்களை உட்காரவைத்து ஆறு செமஸ்டர் பாடங்களையும் காட்டினார். போன ஆண்டு வினாத்தாளையும், பிள்ளைகள் ஊர்க் கடைகளுக்கு எழுதிக்கொடுத்த விளம்பர நோட்டீஸ்களையும் எடுத்து வைத்தார். இன்டர்னல் மதிப்பெண் 25-இல் ஒரு பகுதி, வகுப்பின் முன் நின்று பேசுவதற்காம். மகள் அந்த நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அப்புறம் எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எங்களுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்காது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு சிலபஸ் என்று ஒன்றைக் கேட்கலாம் என்பதே தெரியாது. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் விண்ணப்பம் கொடுக்கும் இடத்திலேயே அந்தந்தப் படிப்பின் பாடப் பட்டியலையும் ஒரு பழைய வினாத்தாளையும், தமிழில் ஒரு பக்க விளக்கத்தோடு, வைக்க வேண்டும். உயர்கல்வித் துறை இதைக் கட்டாயமாக்கி, அடுத்த சேர்க்கைக்கு முன்பே உத்தரவு போட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சக ஊழியர்,
சிவகாசி.