சிப்பாய்களோடு குடித்தனம்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நல்லது. மாடிப்படி மட்டும் ஏறாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். "இன்னும் அந்த அமெரிக்கச் சிப்பாய்களோடுதான் குடித்தனமா?" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், அவர்களைப் பற்றிய பழைய ராணுவ ஆவணங்களைப் படிப்பதில்தான் பொழுது போகிறது.

இப்போது 9ஆம் குதிரைப்படையின் காகிதங்களில் இருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866இல் கறுப்பினத்தவரைக் கொண்டு அமைத்த இரண்டு குதிரைப்படைகளில் இது ஒன்று. அடிமைகளாகப் பிறந்தவர்கள் நிறையப் பேர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் நாட்குறிப்பு, வீட்டுக்குப் போட்ட கடிதம் என்று அதிகம் கிடைக்காது. மிஞ்சியது ஆபீஸ் காகிதம்தான். ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் ஓர் ஆளுக்கு ஒரு வரி: வயது, பிறந்த ஊர், தொழில், கண்ணின் நிறம், உயரம். கடைசிக் கட்டத்தில் விடுவிப்பா, சாவா, ஓட்டமா என்ற குறிப்பு. ஐந்து வருட ஊழியம் அதோடு முடிந்தது. (ஓடிப்போனவர்கள் வெள்ளையர் படைகளில்தான் அதிகம். இவர்களில் ஓடியவர்கள் மிகக் குறைவு. வெளியே இவர்களுக்கு என்ன காத்திருந்தது?)

இமானுவேல் ஸ்டான்ஸ் என்று ஒருவன். லூசியானாவில் சேர்ந்தான். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே உயரம், ஆனால் எழுதத் தெரியும். அதனால் சார்ஜென்ட் ஆனான். 1870 மே மாதம் டெக்சாஸில், கிக்கப்பூ ஸ்பிரிங்ஸ் பக்கம், சிறு குழுவோடு போய் அமெரிக்கப் பூர்வகுடியினரோடு சண்டையிட்டுக் குதிரைகளை மீட்டு வந்தான். அவனே எழுதிய அறிக்கை இருக்கிறது. அதற்காக அமெரிக்காவின் உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் கறுப்பினச் சிப்பாய் அவன்தான்.

அறிக்கையை மட்டும் படித்தால் பள்ளிப் பாடத்தில் வைக்கலாம். கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்) காகிதங்களைப் புரட்டினால் சண்டைக்காரன், பதவி பறிபோனவன். சார்ஜென்ட் பட்டையைத் திரும்பவும் வாங்கியிருக்கிறான். 1887 கிறிஸ்துமஸ் அன்று நெப்ராஸ்காவில் ராபின்சன் கோட்டைக்கு அருகே சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தான். சொந்த ஆட்களிடம் ரொம்பக் கடுமை. சந்தேகமும் அவர்கள் மேல்தான்.

அப்புறம், அவனோடு மோதிய பூர்வகுடியினரின் கதை இந்த அலமாரிகளில் இல்லை. ஆனால் வேறொரு குதிரைப்படையைப் பூர்வகுடியினர் 1876இல் தோற்கடித்த லிட்டில் பிக்ஹார்ன் போரை, அவர்களில் ஒருவரான லகோட்டா இனத்து ரெட் ஹார்ஸ் 1881இல் 42 தாள்களில் வரைந்து கொடுத்திருக்கிறார். செத்த குதிரைகளைக்கூட விடவில்லை. அந்தப் போரைப் பற்றிய பல ராணுவ அறிக்கைகளைவிட எனக்கு அது பெரிது.

சிப்பாயின் குரல் ஓரளவு கேட்பது ஓய்வூதியக் கோப்புகளில்தான். 'இந்தியப் போர்கள்' என்று அவர்கள் சொல்லும், அமெரிக்கப் பூர்வகுடியினரோடு நடந்த போர்களில் பங்கெடுத்தவர்களுக்கான ஓய்வூதியம் 1917இல்தான் பரவலாக வந்தது. பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். திருமணத்துக்குச் சான்றிதழ் இல்லாத விதவை, அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைக்கிறாள். ஆனால் எழுதுவது விசாரணை அதிகாரி. கேள்வியை மறைத்துவிட்டு, அவளே கோவையாகச் சொன்ன மாதிரி எழுதிவிடுகிறார்.

இங்கேதான் நீ வேண்டும். முப்பது வருடம் கோர்ட்டில் வாக்குமூலம் எழுதிய கை உன்னுடையது. எந்த வாக்கியம் சாட்சியுடையது, எது குமாஸ்தாவுடையது என்று மோப்பம் பிடிப்பாய் அல்லவா? இரண்டு பக்கம் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு எங்கே உறுத்துகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. அவசரமில்லை.

அன்புடன்,
ராகவன்