'இல்லை' என்று வந்த தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கைப் போதைத் தூள்களைப் பற்றிய செய்திகளில் 'பரிசோதனையில் சிக்காதவை' என்ற சொற்களை அடிக்கடி பார்க்கிறேன். எழுதுபவர்கள் எச்சரிக்கையாகத்தான் எழுதுகிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகளோ அதை ஒரு வசதியாகப் படித்துக்கொள்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அந்தச் சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஓர் இரவு, பத்தொன்பது வயது இளைஞனை நண்பர்கள் தூக்கிவந்தார்கள். என்ன உட்கொண்டான் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சாதித்தார்கள். அவனோ வெற்றுச் சுவரைக் காட்டி, யாரோ வருகிறார்கள் என்று அலறினான். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 170. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் 'இல்லை' என்று வந்தது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொன்னேனே" என்று அவன் தாய் அழுதார். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று தேடுவதில் எங்களுக்குப் பல மணி நேரம் போயிற்று. விடிந்தபோது சிறுநீர் கரும்பழுப்பாக இறங்கியது. பிறகு டயாலிசிஸ். மறுநாள்தான் நண்பர்களில் ஒருவன் வாய் திறந்தான்.

அந்தப் பரிசோதனை ஆம்பெடமின், கொகைன், அபின் வகைகள் போன்ற பழைய சரக்குகளைத் தேடுவதற்கானது. மெஃபட்ரோன், எம்.டி.பி.வி. முதலிய செயற்கைத் தூள்கள் வேறு குடும்பம். காத் என்னும் செடியின் இலையில் உள்ள கேத்தினோன் என்ற ஊக்கப்பொருளின் வடிவத்தை வேதிக்கூடத்தில் மாற்றிச் செய்தவை. ஒன்றைத் தடைசெய்தால், மூலக்கூற்றில் ஒரு மூலையை மாற்றி இன்னொன்றைக் கொண்டுவருகிறார்கள். 2010-இல் பிரிட்டன் மெஃபட்ரோனைத் தடைசெய்த பிறகும் அப்படித்தான் நடந்தது. 'குளியல் உப்பு' என்று உறையில் அச்சிட்டு, 'மனிதர் உட்கொள்வதற்கு அல்ல' என்றும் சேர்த்துவிடுவார்கள். உள்ளே இருப்பது எது, எவ்வளவு என்பது பெரும்பாலும் விற்பவனுக்கே தெரியாது.

உடலுக்குள் நடப்பதை நான் கண்டிருக்கிறேன். இதயம் தறிகெட்டு ஓடும். இரத்த அழுத்தம் ஏறும். தசைகள் ஓயாமல் முறுக்கிக்கொண்டு உடலைக் கொதிக்க வைக்கும். அப்படிச் சிதையும் தசையின் புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமால் இந்த வெப்பத்தைத் தணிக்காது, ஏனெனில் இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல. முறிமருந்தும் கிடையாது. ஊசி போட்டு அமைதிப்படுத்துவது, உடலைக் குளிர்விப்பது, இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றுவது, இவைதான் எங்கள் கையில் இருப்பவை. நேரத்தோடு செய்தால் இவையே பலரைக் காப்பாற்றிவிடும்.

மானத்துக்கு அஞ்சிப் பிள்ளையைக் கட்டிப்போட்டு, தெளியட்டும் என்று கதவைச் சாத்தும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திமிறத் திமிற வெப்பம் இன்னும் ஏறும். குப்புற அழுத்திப் பிடித்தால் மூச்சே நின்றுவிடலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறுங்கள். மிச்சத் தூளோ உறையோ இருந்தால் மருத்துவரிடம் கொடுங்கள்.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, தூளின் பெயரையும் பிடிபட்ட அளவையும் மட்டும் போடாமல், இந்த அறிகுறிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தரும்படி வேண்டுகிறேன். அந்த இளைஞன் பிழைத்துக்கொண்டான். மூன்று வாரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. வாய் திறந்த நண்பன் ஒவ்வொரு நாளும் வந்து வார்டின் வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்