பொம்மை நிகழ்ச்சிக்கு ஓர் ஆவணத் தொடர்: ஞாயிறு கலந்துரையாடல்

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் தொலைக்காட்சிப் பொம்மை நிகழ்ச்சி பற்றி ஓர் ஆவணத் தொடர் எடுப்பதாயின் அது எவ்வாறு அமையவேண்டும் என்பதே வருகிற ஞாயிறு பின்னேரம் நல்லூரில் நாம் கூடிப் பேசவுள்ள விடயம். என் எண்ணத்தில், முதற்பகுதி அதன் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் வாழ்க்கை வரலாறாக இல்லாமல், ‘பிக் பேர்ட்’ என்ற பெரிய மஞ்சள் பறவையின் உடைக்குள்ளிருந்தே தொடங்கவேண்டும். அவ்வுடைக்குள் இருந்து அதை இயக்கிய கரோல் ஸ்பின்னி வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பறவையின் தலையை அசைப்பார். இடக்கை ஒரு சிறகுக்குள் இருக்க, மற்றச் சிறகு தங்கூசி நூலால் அதனுடன் இணைந்து எதிர்த்திசையில் அசையும். வெளியில் நடப்பதை மார்பில் கட்டிய சிறு திரையிலேயே அவர் பார்த்தார். (ஐந்து நிமிடம் கையை அவ்வாறு உயர்த்திப் பாருங்கள், சிரமம் விளங்கும்.)

நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் காலமானபோது, வேறொருவரைப் போட்டுச் சமாளிக்காமல், அடுத்த ஆண்டு அந்த மரணத்தைப் பிள்ளைகளுக்கு நேரடியாகவே சொன்ன நிகழ்ச்சிக்கு ஒரு பகுதி முழுவதையும் ஒதுக்கலாம். விருதுகளுக்கு ஓரிரு நிமிடம் போதும்.

உங்கள் கருத்துகளை வெள்ளிக்கிழமைக்கு முன்னர், குரல்பதிவாக அல்லாமல் எழுத்தில், இக்குழுவிலேயே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.