தாத்தாவின் பட்டாளப் புத்தகம்

நுவரெலியா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே இரண்டு வாரமாக விடாத மழை. மற்றபடி எல்லோரும் சுகம்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். கூரைத் தகரம் மாற்றுவதற்காக வீட்டை ஒதுக்கியபோது தாத்தாவின் தகரப் பெட்டி கிடைத்தது. அதில் அவருடைய பட்டாளச் சம்பளப் புத்தகம் இருந்தது. உள்ளங்கை அளவு, காக்கித் துணி அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. இரண்டாம் உலக யுத்த நேரம், 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தளபதியின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு வந்து பேராதனைப் பூங்காவில் இறங்கியதல்லவா, அந்த வருடம்தான் தாத்தா பட்டாளத்தில் லொறி ஓட்டப் போனார். தோட்டத்தில் துரையின் லொறிக்குக் கிளீனராக இருந்து பழகிய கை.

புத்தகத்துக்குள் மடித்து வைத்த ஒரு தாள். தாய் இறந்துவிட்டதால் இந்தியாவில் துறையூர்ப் பக்கம் போக லீவு கேட்ட விண்ணப்பம். யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கீழே தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குறுக்கே நீலப் பென்சிலால் ஒரு கோடு. லீவு இல்லை. பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கப் போகவில்லையே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கருமாதிச் செலவுக்கு அவர் கொடுத்த 20 ரூபாயைக் கொண்டுபோனது உன் தாத்தா. தோட்டத்தில் ஒரே லய வரிசை வீடு, இந்தியாவில் ஒரே ஊர். போன இடத்தில் காய்ச்சல் கண்டு, திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

1948 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த நம் தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனது. அடுத்த வருடச் சட்டத்தின்படி விண்ணப்பித்தபோது, கலியாணம் முடித்தவர்கள் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். தாத்தா தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலையும் இந்தப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தார், கிடைத்தது. உன் தாத்தாவுக்கு அந்த ஒரு வருடம் குறுக்கே நின்றது, கிடைக்கவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதிய 525,000 பேரில் உங்கள் குடும்பமும் சேர்ந்தது. நீலப் பென்சில் கோட்டை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது, மச்சான். லீவு கிடைத்திருந்தால் கோத்தகிரியில் இருந்து கடிதம் எழுதுபவன் நானாக இருந்திருப்பேன்.

யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட லொறி ஒன்றை, சேர்த்த சம்பளத்தில் தாத்தா வாங்கினார். கோவா, லீக்ஸ், கரட் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓட்டம். றம்பொடை வளைவுகளைக் கடந்து, புசல்லாவை, கம்பளை வழியாகப் பேராதனைப் பூங்கா வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்! அந்த இடத்தில் லொறியை நிறுத்தி இறங்குவார். ஸ்பேனரால் ஒவ்வொரு சக்கர நட்டையும் தட்டி, காதைக் கிட்டே வைத்துச் சத்தம் கேட்பார். இறுகிய நட்டு கணீரென்று சொல்லும், தளர்ந்தது சொத்தென்று சொல்லும். பட்டாளத்தில் பழகியது. சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். அப்புறம் மூன்று லொறி, கடைவீதியில் மொத்தக் கடை என்று வளர்ந்ததெல்லாம் உனக்குத் தெரியும்.

நீ பார்க்காதது 1983 ஜூலை. கடையும் இரண்டு லொறியும் ஒரே பகலில் எரிந்தன. தாத்தாவுக்கு அப்போது 62 வயது. வெலிமடையிலிருந்து மரக்கறி அனுப்பிவந்த சிங்கள முதலாளி ஒருவர் வந்து, தன் லொறிச் சாவியைத் தாத்தாவின் கையில் வைத்துவிட்டு, பேச முடியாமல் நின்றார். மூன்றாம் மாதம் தாத்தா மறுபடி கொழும்புக்குச் சரக்கு ஏற்றினார். 1996இல் காலமாகும்வரை கணக்குக் கொப்பியை அவரே எழுதினார்.

1974இல் உங்களையும் சாமான்களையும் இந்தியாவுக்குப் போக நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனது அவருடைய லொறிதான். திரும்பி வரும்போது வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்குக் காரணம் விளங்கவில்லை.

அந்த லீவு விண்ணப்பத் தாளைப் போட்டோ எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். உன் தாத்தாவின் படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. இரண்டையும் ஒரே சட்டத்தில் போட்டு முன்னறையில் மாட்ட வேண்டும்.

பேத்திக்கு என் முத்தம்.

உன் அன்பு நண்பன்