காடழிப்பின் காபன் கணக்கு: ஏக்கரா, ஹெக்டேயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காடழிப்புச் செய்திகளில் ‘இத்தனை ஆயிரம் தொன் காபன்’ என்று ஓர் எண் வருவது இப்போது வழமையாகிவிட்டது. அது காபனா காபனீரொட்சைட்டா, பரப்பு ஏக்கரில் எடுத்ததா ஹெக்டேயரிலா என்பதுதான் வருவதில்லை. கணக்கு பெரிய வித்தை அல்ல, எக்செல் விரிதாளில் ஒரே வரி. பிழை பெரும்பாலும் அலகில்தான் நுழைகிறது.

உலர் வலயத்தில் 100 ஏக்கர் காடு வெளியாக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 2.471 ஆல் வகுத்தால் 40.47 ஹெக்டேயர், இது பி2 கலத்தில். சி2 இல் நிலத்துக்கு மேலுள்ள உயிர்த்திணிவு, ஹெக்டேயருக்கு 130 உலர் தொன் என்க. டி2 இல் வேருக்கான விகிதம், அதாவது மேலுள்ள ஒவ்வொரு தொன்னுக்கும் நிலத்தின் கீழ் உள்ள வேரின் அளவு, 0.28. சூத்திரம் இதுதான்: =பி2*சி2*(1+டி2)*0.47*44/12. விடை ஏறத்தாழ 11,600 தொன் காபனீரொட்சைட்டு. 0.47 என்பது உலர்ந்த மரத்தில் காபனின் பங்கு, ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவின் 2006 வழிகாட்டி தரும் பொதுப் பெறுமானம். 44/12, காபனீரொட்சைட்டின் மூலக்கூற்று நிறைக்கும் காபனின் அணு நிறைக்கும் உள்ள விகிதம், காபனைக் காபனீரொட்சைட்டாக்குகிறது.

ஏக்கரை மாற்றாமல் 100 என்றே இட்டால் 28,700 வரும். 44/12 ஐ விட்டால் 3,165. அச்சில் இரண்டுக்கும் பெயர் ‘தொன்’தான்! சில அட்டவணைகள் சி2 க்கான பெறுமானத்தை ஏற்கெனவே காபனாகவே தருகின்றன. அதை மறுபடி 0.47 ஆல் பெருக்குவோரும் உண்டு, விடை பாதிக்கும் கீழே போய்விடும். ஈர வலய மழைக்காட்டுக்கு வேர் விகிதம் 0.37. ஆகவே ஈர வலயச் சிங்கராஜவையும் உலர் வலய வில்பத்துவையும் ஒரே நிரையில் போட முடியாது.

விரிதாளின் குறும்பு வேறு. 0.47 ஐத் தனிக் கலத்தில் வைத்து, கல முகவரியில் அதை நிலைநிறுத்தும் டொலர் குறி ($) இடாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், அடுத்த நிரை அதற்குக் கீழேயுள்ள வெற்றுக் கலத்தைப் பிடிக்கும், விடை பூச்சியம். பிடிஎஃப் அறிக்கையிலிருந்து ஒட்டிய எண்கள் சில உரையாகவே நிற்கும். கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருப்பதே அடையாளம். பெருக்கல் அவற்றை ஏற்றுக்கொள்ளும். கூட்டுத்தொகை தரும் ‘சம்’ (SUM) சத்தமில்லாமல் விட்டுவிடும். பரப்பின் மொத்தம் குறைவதை யாரும் கவனிப்பதில்லை.

வெளியாக்கிய நிலத்தில் சோளம் போட்டால், அந்த ஆண்டுப் பயிர் தன்னில் வைத்திருக்கும் காபனாக ஹெக்டேயருக்கு 5 தொன்னைக் கழிப்பது முறை. நமது உதாரணத்தில் அது சுமார் 740 தொன் காபனீரொட்சைட்டு. மண்ணின் காபன் இழப்பை ஒரே ஆண்டின் தலையில் ஏற்றக் கூடாது, வழக்கமாக 20 ஆண்டுகளுக்குப் பகிர்வார்கள்.

பரப்புக்குச் செய்மதித் தரவை எடுப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லான்ட்சாற் செய்மதிப் படத்தின் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர், அதாவது 0.09 ஹெக்டேயர். அது காட்டும் மரப் போர்வை இழப்பு எல்லாம் காடழிப்பு அல்ல. களுத்துறையில் முதிர்ந்த இறப்பரை வெட்டி மறுநடுகை செய்தாலும் அதே நிறத்தில்தான் தெரியும். காட்டு வரைபடத்தோடு ஒத்துப்பார்க்காமல் பி நிரலில் சேர்த்தால், பிறகு எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

இவ்வகைச் செய்திகளில் ஹெக்டேயர் பரப்பையும் ஹெக்டேயருக்கான உயிர்த்திணிவையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எண்ணைச் சரிபார்க்க வாசகருக்குக் கைத்தொலைபேசியின் கணிப்பானே போதும்.

இங்ஙனம்,
சூழலியல் துறை வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06