மான்கள் எங்கே மேயும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் வாசலைக் கடந்து குப்பை மேய்கின்றன. நேற்று மாலை ஒரு பெண்மான் சோற்றுப் பார்சல் பொலித்தீனை மென்றுகொண்டிருந்தது. பிடுங்க ஓடினேன், அதற்குள் விழுங்கிவிட்டது.

நகரில் புல் வளர்ந்த வெறுங்காணிகள் ஒவ்வொன்றாக மதிலுக்குள் போகின்றன. எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் பந்தடித்த வளவுக்கும் தகரவேலி வந்துவிட்டது. அங்கே நின்ற வேம்பையாவது விட்டிருக்கலாம்! உல்லாசப் பயணிகளால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, விடுதிகள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மணல் நிலம் மழைநீரை உறிஞ்சிவிடும். சீமெந்து போட்டால் வெள்ளம் வீதியில்தான் நிற்கும்.

மிஞ்சியுள்ள பொதுக்காணிகளை அளந்து, வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்குமாறு நகர நிர்வாகத்தைக் கேட்கிறேன். கோட்டை வாசலுக்கு மூடிபோட்ட குப்பைத் தொட்டிகளை இந்த வாரமே கொண்டுவரலாம்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.