பஸ்ஸில் கேட்காத பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், வாத்தியங்களைக் குறைத்தாலே பாட்டுக்கு ஆழம் வந்துவிடும் என்ற கட்டுரையைப் படித்தேன். லண்டன் இசைக்குழுவான 'தி எக்ஸ்எக்ஸ்' அதற்கு உதாரணமாம். இருபது வருஷமாக ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்சிங், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலந்து ஒரே பாட்டாக்கும் வேலை, செய்பவன் நான். பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

2009-இல் வந்த அவர்களது முதல் ஆல்பத்தை, ஒரு நள்ளிரவு வேலை முடிந்து, ஏசியையும் அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். குழுவில் ஒருவரான ரோமியின் கிதார் ஒவ்வொரு சுரமாக விழுகிறது. அது வழிவிட்டால் ஆலிவர் சிம்மின் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி கிதார், நுழைகிறது. ஜேமி மின்னணுத் தாளக் கருவியில் விரலால் தட்டும் தாளம் தேவைக்கு மேல் ஒரு அடி போடுவதில்லை. பாடுகிற ரோமியும் ஆலிவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது. எங்கள் வேலையில் கீபோர்டும் கிதாரும் வயலினும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகித் திருகி இடம் பிரித்துக் கொடுப்பதற்குள் விடிந்துவிடும். இங்கே பிரிக்க ஒன்றுமே இல்லை. இருபது வயதுப் பிள்ளைகள்! 2010-இல், பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசும் வாங்கினார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சரி, மறுநாள் தாம்பரம் பஸ்ஸில் அதையே மறுபடி போட்டேன். இஞ்சின் உறுமலில் பேஸ் காணாமல் போனது. மிச்சம் ஒரு கிதாரும் இரண்டு முணுமுணுப்பும். பத்து வாத்தியம் உள்ள பாட்டில் நாலு அமுங்கினாலும் பாட்டு ஓடும். மூன்றில் ஒன்று அமுங்கினால் என்ன இருக்கும்?

பஸ்ஸைக் குறை சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் 2012-இல் வந்த 'கோஎக்ஸிஸ்ட்' ஆல்பத்தை அதே ஹெட்ஃபோனில், அதே மாதிரி ஒரு நள்ளிரவில்தான் கேட்டேன். இன்னும் குறைத்திருந்தார்கள். முதல் ஆல்பத்தில் மௌனம் முடிந்ததும் மனதில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கிதார் மெட்டு வரும். இதில் 'ஏஞ்சல்ஸ்' தவிர மற்றவற்றில் காத்திருந்ததுதான் மிச்சம். மூன்று முறை கேட்டும் எந்தப் பாட்டு எங்கே முடிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் 2017-இல் 'ஐ சீ யூ' வந்தது. 'ஆன் ஹோல்டு' பாட்டில், ஹால் அண்ட் ஓட்ஸ் என்ற அமெரிக்க ஜோடி 1981-இல் பாடிய பாட்டிலிருந்து குரல் துண்டுகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆல்பம் முழுக்கவே சத்தமும் நிறமும் கூடியிருந்தது. குறைத்துக்கொண்டே போனவர்களே திரும்பி வந்த இந்த ஆல்பத்தைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

இப்படிக்கு,
ஒலிக்கலவையாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.